முட்டைக்கு ஒரு முழம், மடிக்கு ஒரு கம்பி

பங்குனி ஆமை என்று பெயர் இருந்தாலும் சென்னைக் கரையில் தை மாதமே அந்தக் கடலாமை முட்டையிட ஏறத் தொடங்கிவிடும். இரவு நடையில் துடுப்புத் தடம் பார்த்துத் தோண்டினால் ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள் கிடைக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றைப் பொரிப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டை புரண்டால் உயிர் போய்விடும். மாற்றுக்குழி ஒரு முழ ஆழம், வாய் குறுகி அடி அகன்ற பானை வடிவம். மணல் சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகளே மிகும், அதையும் தாண்டினால் கரு வெந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் நிழல் கட்டாயம்.

ஆனால் குழியில் காப்பதைக் கடலில் இழக்கிறோம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பை வலையான இழுவை மடி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீருக்குள் ஓடினால் உள்ளே சிக்கியது மூழ்கிச் சாகும். முட்டையிட வந்த தாய் ஒன்று போனால், பல ஆண்டுகள் பொரித்து விட்டாலும் ஈடாகாது.

இதற்கு மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்று பொருத்தலாம். கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ. இடைவெளி, இறால் புகுந்துவிடும், ஆமை சரிந்து திறப்பு வழியே வெளியேறும். சாய்வு 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். அதிகம் நிமிர்ந்தால் குப்பை அடைத்துக்கொள்ளும், அதிகம் படுத்தால் இறால் நழுவும். இறால் நழுவிய அன்றே மீனவர்கள் திறப்பைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள்.

இக்கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று 1989-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்காடின. ஆமையைக் காக்கும் நோக்கம் சரியே, நடத்திய விதம்தான் பாரபட்சம் என்றது 1998 தீர்ப்பு. கரீபியன் பகுதி நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கிடைத்தன. வழக்காடிய நான்கு நாடுகளுக்கு 4 மாதம்தான். சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலும் அதே கணக்குதான். சட்டத்தைக் காட்டிவிட்டு அவகாசம் தராவிட்டால் கம்பி கிடங்கிலேயே துருப்பிடிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மடிகள் பிரித்துத் தைக்கப்படும். கம்பிச் சட்டம் பொருத்திச் சாய்வை அளந்து பார்க்க அந்த 61 நாள்களே தோது.