ஏழு கேபி

2005-இல் பெங்களூரில் மொபைல் கேம் போர்ட்டிங் வேலையில் இருந்தேன். பெரிய திரைக்கு எழுதின விளையாட்டைச் சின்ன நோக்கியா போனுக்குள் திணிக்க வேண்டும். திரை 128-க்கு 128 புள்ளி. விளையாட்டு முழுவதும் அடங்கிய ஜார் ஃபைல் 64 கிலோபைட்டை (கேபி) தாண்டினால் போன் வாங்கிக்கொள்ளாது.

ஒரு ராத்திரி ஃபைல் 71 கேபியில் நின்றது. "ஏழு கேபி எங்கடா வெட்டப் போற?" என்றார் லீட். மதுரைக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி. "ஹீரோ ஏணி ஏறுறதுல ரெண்டு ஃபிரேம் படத்தைத் தூக்கிட்டேன் அண்ணே." ஓட்டிப் பார்த்தார். "நொண்டுறான்டா." பேசாமல், பழைய விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரைத் திறந்து, கொலீகோவிஷன் என்ற பழைய வீட்டு கேம் பெட்டியின் டாங்கி காங் விளையாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பெட்டியைச் செய்த கொலீகோவைப் பற்றி அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. 1932-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் செருப்புத் தைப்பவர்களுக்குத் தோல் விற்கத் தொடங்கிய கம்பெனி. கனெக்டிகட் லெதர் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். தோலிலிருந்து பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி, அப்புறம் பொம்மை, 1976-இல் டிவியில் பந்தடிக்கும் டெல்ஸ்டார். 1982-இல் கொலீகோவிஷன் வந்தபோது பெட்டியோடு டாங்கி காங் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தே வந்தது. கடையில் காசு போட்டு ஆடியது வீட்டு டிவியில் என்பதற்காகவே வாங்கினார்கள்.

ஆர்கேட் என்ற அந்தக் காசு போடும் மெஷினும் இதுவும் இசட்80 பிராசசர்தான். சிக்கல் படத்தில். ஆர்கேட் திரை நெட்டுக்குத்தாக 224-க்கு 256. இங்கே படுக்கைவாட்டில் 256-க்கு 192. உயரத்தில் கால்பங்கு போச்சு, ஏறுவதே ஆட்டமான விளையாட்டில்! வீடியோ சிப்பில் ஒரு ஸ்பிரைட்டுக்கு, அதாவது திரையில் நகரும் சின்னப் படத்துக்கு, ஒரே நிறம். ஒரு கிடைக்கோட்டில் நாலுக்கு மேல் வந்தால் ஐந்தாவது மறைந்துவிடும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஆர்கேடின் நாலு கட்டங்களில் ஒன்றை முழுசாக எடுத்துவிட்டார்கள், கன்வேயர் பெல்ட் ஓடுகிற கட்டத்தை. காங் என்ற குரங்கு மேலே ஏறும் ஆரம்பக் காட்சியும் இல்லை. ஆனால் இருக்கிற மூன்று கட்டங்களில் ஏணியில் கால் வைத்தால் ஏணிதான், குதித்தால் குதிதான். அதே கொலீகோ அடாரி 2600-க்கு விற்ற டாங்கி காங் 4 கேபி, இரண்டே கட்டம். டாங்கி காங்கை உருவாக்கிய நின்டென்டோவே 1983-இல் தன் சொந்த கன்சோலுக்குக் கொண்டுபோனபோதும் அந்த பெல்ட் கட்டத்தைத்தான் கழற்றியது. அது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நான் செய்துகொண்டிருந்தது வேறு. எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சுரண்டி, எதையும் விடாமல் எல்லாவற்றையும் நொண்டவைத்தேன்.

எதை விடுவது என்று அப்படித் தெரிந்த அதே கம்பெனி 1983-இல் ஆடம் கம்ப்யூட்டரை இறக்கியது. கீபோர்டு, பிரிண்டர், டேப் டிரைவ், எல்லாம் ஒரே செட்டில். மின்சாரம் பிரிண்டரின் வழியாகத்தான் போகும். பிரிண்டர் படுத்தால் கம்ப்யூட்டரும் படுத்தது. ஆன் செய்யும்போது டேப் டிரைவுக்குள் டேப் இருந்தால் அதில் பதிந்திருந்தது அழிந்துபோகவும் வாய்ப்புண்டு. யார் இதற்குச் சரி என்று தலையாட்டினார்களோ! கொலீகோவின் கேபேஜ் பேட்ச் கிட்ஸ் பொம்மை அமோகமாக விற்றதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, 1988-இல் திவால். அடுத்த வருடம் சொத்துகளில் பெரும்பகுதி ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போனது.

அண்ணன் டீ குடித்துத் திரும்பியபோது என் ஃபிரேம்களைப் பழையபடி வைத்திருந்தேன். ஒரு குகைக் கட்டத்தை மொத்தமாகத் தூக்கியாச்சு. அதுவும் போதவில்லை. இடப்பக்கம் பார்க்கும் படங்களை எடுத்துவிட்டு, வலப்பக்கப் படத்தையே கண்ணாடிபோலத் திருப்பினேன். 63 கேபி.

"இடப்பக்கம் நடந்தா கத்தி இடக்கைக்கு மாறுதேடா."

"ஆமா அண்ணே."

"ஏணி?"

"நொண்டலை."

பில்டை டெஸ்டிங்குக்கு அனுப்பச் சொன்னார். கத்தி கை மாறுவதைப் பற்றி டெஸ்டிங்கிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.