மேற்கு ஆப்பிரிக்க வரலாறு பேப்பர்: 38-லிருந்து 71

நேற்று ரிசல்ட் வந்தது. 71. போன முறை இதே பேப்பரில் 38. எம்.ஏ.வில் இதை விருப்பப் பாடமாக எடுத்து அரியர் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை உடனே எழுதுகிறேன். பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் முறை நான் அரசர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்தேன். மாலிப் பேரரசை நிறுவிய சுன்டியாட்டா, அதன் பிற்கால அரசர் மான்சா மூசாவின் ஹஜ் 1324, சோங்காய் பேரரசின் அரசர்கள் சோன்னி அலி 1464 முதல் 1492 வரை, அஸ்கியா முகமது 1493, சோங்காயை மொராக்கோ படை தோற்கடித்த டொன்டிபி போர் 1591. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் கேள்வி, மரபுகள் எப்படி மாறின என்பது. நான்கு பக்கம் எழுதியும் அதற்கு ஒரு வரி பதில் இல்லை. அந்த 38 அன்று எனக்கு அநியாயமாகத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை.

மாற்றியது மொராக்கோ பயணி இப்னு பதூதா. 1352-இல் சஹாராவின் தெற்கு விளிம்பில் இருந்த வணிக ஊரான வலாட்டாவுக்கு வந்தவர், அங்கிருந்த மசூஃபா என்ற பெர்பர் மக்களைப் பற்றி எழுதுகிறார்: தொழுகிறார்கள், மார்க்கச் சட்டம் படிக்கிறார்கள், குர்ஆனை மனனம் செய்கிறார்கள், ஆனால் சொத்து மட்டும் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகிறது. இந்த வழக்கத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை, மலபாரைத் தவிர என்கிறார்! எனக்கு நாகர்கோவில் பக்கம், வீட்டுப் பெரியவர்கள் மருமக்கள்வழி பற்றிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் காலத்தில் பின்னால் போய், பதினொன்றாம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்-பக்ரியை எடுத்தேன். பழைய கானா பேரரசில் 1063-இல் அரசர் பாசி இறந்ததும் அரியணை ஏறிய துன்கா மனின் அவருடைய சகோதரியின் மகன். காரணத்தையும் அல்-பக்ரி சொல்கிறார்: சகோதரியின் பிள்ளை தன் ரத்தம் என்பதில் அரசனுக்குச் சந்தேகம் இல்லை, தன் மகன் என்பதில் அந்த உறுதி இல்லை. காலத்தில் முன்னால் வந்தால், இன்றைய கானா நாட்டில் உள்ள அசாந்தே அரசு. அங்கே இன்றும் அரசர் தாய்வழியில்தான் வருகிறார், பெயரை முன்மொழிபவர் அரசமாதா. (அசாந்தே வழக்கம் பழைய கானாவிலிருந்து வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இரண்டும் தனித்தனி.) வாரிசு யார் என்ற இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டாம் முறை முழு பேப்பரையும் எழுதினேன். ஒவ்வொரு அரசருக்கும் ஒரு பக்கம், அதில் மூன்று கட்டம்: எது மாறியது, எது அப்படியே இருந்தது, யார் சொல்லித் தெரிகிறது. இது போதும். தடிமனான கைடு எனக்கு உதவவில்லை, குழுவாகப் படிப்பதும் ஒத்துவரவில்லை.

மீதி, நினைவுக்கு வருகிற வரிசையில்:

- பழைய கானா வேறு, இன்றைய கானா வேறு. தலைநகர் என்று கருதப்படும் கும்பி சாலே மொரிட்டானியாவின் தென்கிழக்கில் இருக்கிறது. 1957 விடுதலையின்போது தங்கக் கடற்கரை என்ற ஆங்கிலேயக் காலனி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. போன முறை என் வரைபடம் இங்கேதான் போனது.

- அல்-பக்ரி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்ததே இல்லை, ஸ்பெயினில் இருந்தபடி மற்றவர்கள் சொன்னதை வைத்து எழுதினார். இப்னு பதூதா நேரில் பார்த்தவர். இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

- மூசாவின் தங்கத்துக்கு ஒரு பத்தி போதும். ஹஜ் வழியில் அவர் வாரி வழங்கியதில் கெய்ரோவில் தங்கத்தின் மதிப்பு சரிந்தது, சரி, மேலே போங்கள். இப்னு பதூதா நேரில் பார்த்த, மூசாவின் தம்பி சுலைமானின் சபைதான் பதில் இருக்கும் இடம். பெருநாள் அன்று தொழுகையும் நடக்கிறது, அதே நாளில் பறவைச் சிறகு உடையும் சிவப்பு அலகு வைத்த முகமூடியும் போட்டுக்கொண்டு பாணர்கள் வந்து முன்னோர் புகழ் சொல்கிறார்கள். அரசரிடம் பேசுகிறவர்கள் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். புதியது வந்ததும் பழையது போய்விட்டது என்று எழுதினால் மார்க் போய்விடும்.

- சோன்னி அலியைக் கொடுங்கோலன் என்று எழுதியவர்கள் திம்புக்து அறிஞர் மரபில் வந்தவர்கள், அவரால் அடிபட்ட தரப்பு. வாய்மொழி மரபில் அவர் மந்திர ஆற்றல் கொண்ட மாவீரர். இரண்டையும் எழுதுங்கள். அரியணையைப் பறித்த அஸ்கியாவை அதே அறிஞர்கள் புகழ்வதையும் சேருங்கள்.

- பெண்களை விட்டுவிடாதீர்கள். இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசில், அரசர் எசிகே தன் தாய் இதியாவுக்காகத்தான் இயோபா (அரசமாதா) என்ற பட்டத்தை உருவாக்கினார் என்பது அங்குள்ள மரபு. 1900-இல் ஆங்கிலேய ஆளுநர் அசாந்தேயரின் புனிதச் சின்னமான தங்க இருக்கையைக் கேட்டபோது போருக்குத் தலைமை ஏற்ற யா அசாந்தேவா, அசாந்தேயில் உள்ள எஜிசுவின் அரசமாதா. வாரிசு கேள்வியிலேயே இவர்கள் இயல்பாக வந்துவிடுவார்கள்.

வரைபடத்துக்கு முதலில் நைஜர் ஆற்றின் பெரிய வளைவைப் போடுங்கள். திம்புக்துவும் காவோவும் அதை ஒட்டித்தான் வரும், வலாட்டாவை அதற்கு மேற்கே வையுங்கள்.