சித்தி லேப்டாப்புக்கு மின்ட் போட்ட கதை

பெரம்பூர்ல இருக்குற சித்தி போன மாசம் போன் பண்ணி, டேய் லேப்டாப்ப ஆன் பண்ணிட்டு நான் போய் சாதம் வடிச்சுட்டே வந்துடுறேன், அதுவரைக்கும் சுத்திக்கிட்டே இருக்குது, தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டாங்க. 2016-ல சித்தப்பா வாங்கினது. இன்டெல் 6த் ஜென் (ஆறாவது தலைமுறை) ஐ3 ப்ராசசர், 4 ஜிபி ரேம், பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11 இன்டெல்னா 8த் ஜென்லேர்ந்துதான் ஏத்துக்கும், ஆக இந்த மாதிரி நல்லா இருக்குற மெஷின் எல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதானான்னு நினைக்கும்போது எனக்கு வயிறு எரியுது. கீபோர்டு, ஸ்கிரீன் எதுலயும் ஒரு குறை இல்ல.

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டுடலாம்னு சொன்னேன். சித்தி கேட்டது ஒரே ஒரு விஷயம்தான், "அவர் எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான்டா இருக்கு, ஒண்ணும் ஆகாதுல்ல?" சித்தப்பா போய் மூணு வருஷம் ஆச்சு.

அதனால பழைய டிஸ்க் மேல கையே வைக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். ரிச்சி ஸ்ட்ரீட் போய் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) ஒண்ணு, பழைய டிஸ்க்க போட்டு யுஎஸ்பில மாட்ட ஒரு கேஸ், அப்படியே ஒரு 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். லேப்டாப்ப கழட்டி பழைய டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டிய மாட்டினேன், பழசத் துணில சுத்தி சித்தி கையிலயே குடுத்தேன், பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. முதல் தடவை ஓஎஸ் போடுற யாருக்கும் நான் சொல்றது இதுதான், டிஸ்க்க கழட்டி வெளிய வெச்சுட்டா "எரேஸ் டிஸ்க்"னு ஸ்கிரீன்ல வரும்போது கை நடுங்காது.

என் கம்ப்யூட்டர்ல மின்ட் 22-ல பழைய மெஷினுக்கு ஏத்த லேசான எக்ஸ்எஃப்சிஇ வகையோட ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்றதுக்கான ஃபைல், கிட்டத்தட்ட 3 ஜிபி) இறக்கி, ஃபைல் கெடாம வந்திருக்கான்னு காட்டுற ஷா256 செக்சம் சரியா இருக்கான்னு பாத்துட்டு, ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு பென்டிரைவ்ல எழுதினேன். சித்தியோடது எச்பி, ஆன் பண்ண உடனே எஸ்கேப்ப தட்டிக்கிட்டே இருந்தா மெனு வரும், அதுல எஃப்9 அமுக்கினா பென்டிரைவ் பேரு காட்டும். மின்ட் லோகோ வந்துச்சு, நானும் நிம்மதியாயிட்டேன், அடுத்த நிமிஷமே ஸ்கிரீன் கறுப்பாகி ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்னு (பென்டிரைவ்ல இருக்குற மின்ட் ஃபைல சரியா படிக்க முடியலன்னு அர்த்தம்) வரிசையா ஓட ஆரம்பிச்சுது. வேற போர்ட்ல மாட்டிப் பாத்தேன், திரும்ப எழுதிப் பாத்தேன், ராத்திரி பத்து மணி வரைக்கும் அதே கதை.

ஐஎஸ்ஓ சரி, லேப்டாப்பும் சரி, அப்புறம் எதுலதான் கோளாறு? வீட்டுக்கு வந்து எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சாஃப்ட்வேர் ஓட்டினேன், அது பென்டிரைவ் முழுக்க எழுதி அதையே திரும்பப் படிச்சுப் பாக்கும். முதல் 2 ஜிபிக்கு அப்புறம் எழுதினது எதுவுமே அங்க இல்ல. மேல 64-னு அச்சடிச்சு, விண்டோஸ்லயும் 64-னு காட்டுற டூப்ளிகேட். இதுல ஒருத்தர் கல்யாண போட்டோவ காப்பி பண்ணி வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா ரொம்ப கோவமா வருது, காப்பி ஆனமாதிரியே காட்டும், திறந்து பாக்குற அன்னைக்குத்தான் தெரியும். புது பென்டிரைவ் வாங்கினா முதல்ல இத ஓட்டிப் பாத்துடுங்க, நேரம் ஆகும், பரவால்ல. இன்னொண்ணு, ரூஃபஸ் எழுதி முடிச்சதும் தானா திரும்பப் படிச்சுப் பாக்காது, அதே வேலைக்கு இருக்குற பலேனா எட்சர் "வேலிடேட்டிங்"னு ஒரு சுத்து படிச்சுப் பாக்கும். அன்னைக்கே அதுல எழுதியிருந்தா அங்கயே மாட்டியிருக்கும்.

மறுநாள் என்கிட்ட இருந்த பழைய 8 ஜிபி பென்டிரைவ்ல எட்சர் வெச்சு எழுதி எடுத்துட்டுப் போனேன். இந்த தடவை நேரா டெஸ்க்டாப். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் பென்டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பாத்துக்கலாம், எனக்கு லினக்ஸ்ல ரொம்பப் பிடிச்சதே இதுதான். எல்லாம் வேலை செஞ்சுது. அப்புறம் இன்ஸ்டால், டைம் ஜோன் கொல்கத்தா, பேரு, பாஸ்வேர்டு, சித்தி காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள பாதி தாண்டியிருந்துச்சு. 2029 வரைக்கும் அப்டேட் வரும்.

சித்திக்கு தமிழ்ல டைப் பண்ணனும். ஐபஸ்னு லினக்ஸ்ல மத்த மொழிகள டைப் பண்றதுக்கான சாஃப்ட்வேர் போட்டு, அதுல தமிழ்99 கீபோர்டு லேஅவுட்ட சேத்துவிட்டேன், 1999-ல நம்ம சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுல முடிவான லேஅவுட். மகரத்த ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குத் தானா புள்ளி விழும், "அம்மா"ன்னு அடிச்சு அத சித்தி பாத்துட்டு இன்னொரு தடவை அடிச்சாங்க.

அப்புறம் பீரோவத் திறந்து டிஸ்க்க எடுத்துட்டு வந்தாங்க. கேஸ்ல போட்டு மாட்டினேன். ஃபோல்டர் ஃபோல்டரா புது எஸ்எஸ்டிக்கு காப்பி ஆகிட்டிருக்கும்போதே ஒண்ணத் திறந்தோம், மெரினாவுல சித்தி சோளம் சாப்பிட்டுட்டே முகத்தத் திருப்பிக்கிற போட்டோ. "எடுக்காதீங்கன்னு அவ்ளோ சொன்னேன்டா"ன்னாங்க. காப்பி முடியிற வரைக்கும் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்.