எம்எஸ் ஸ்கேன்: வெள்ளைப் புள்ளிகளை எண்ணாதீர்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ், உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) எனக்கு வந்து சில வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் புதிதாக நோய் தெரிந்தவர்கள் எம்ஆர்ஐ ஸ்கேன் சிடியோடு என்னிடம் வந்து உட்கார்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. அவர்கள் படங்களுக்கு விளக்கம் சொல்ல மாட்டேன், எப்படிப் பார்ப்பது என்று மட்டும் காட்டுவேன். என் நியூராலஜிஸ்ட் ஒருநாள் கணினித் திரையைத் திருப்பி எனக்குக் காட்டினாரே, அதேபோல.

முதலில் இடம் வலம். படத்தில் இடப்பக்கம் தெரிவது நம் வலப்பக்கம், ஏனென்றால் காலடியில் நின்று நம்மைப் பார்ப்பதுபோல அடுக்கியிருப்பார்கள். இது தெரியாமல், மரத்துப்போனது எந்தக் கை, புள்ளி எந்தப் பக்கம் என்று குழம்பியவர்கள் நிறைய.

அப்புறம், ஒரே மூளைக்கு ஏன் இத்தனை வரிசைப் படங்கள்? டி2 என்கிற வரிசையில் லீஷனும் (நோய் தாக்கிய திட்டு) வெள்ளை, மூளையைச் சுற்றியுள்ள நீரும் வெள்ளை. ஃபிளேர் என்கிற வரிசையில் அந்த நீர் கறுத்துவிடும், லீஷன் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதனால் மூளைக்கு நான் முதலில் திறக்கச் சொல்வது ஃபிளேர்தான். மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் நடுவில் கறுப்பாக வென்ட்ரிக்கிள் என்கிற நீர் அறைகள் வரும். அதன் விளிம்பிலிருந்து செங்குத்தாக, முட்டை வடிவில் வெள்ளைத் திட்டுகள் கிளம்பியிருக்கலாம். பக்கவாட்டுப் படத்தில் அவை விரல் விரலாக நிற்கும், டாசன் விரல்கள் என்றே பெயர். வெள்ளைப் புள்ளி ஒற்றைத் தலைவலியிலும், ரத்த அழுத்தத்திலும், வயதாகும்போதும் வரும், அதனால் டாக்டர்கள் வடிவத்தையும் இடத்தையும்தான் பார்க்கிறார்கள். எம்எஸ்ஸைக் கண்டறிய டாக்டர்கள் வைத்திருந்த 2017 மெக்டொனால்டு வரையறை நான்கு இடங்களைச் சொன்னது: வென்ட்ரிக்கிள் ஓரம், மூளைப் புறணியும் அதை ஒட்டிய பகுதியும், மூளைத்தண்டு–சிறுமூளைப் பகுதி, தண்டுவடம். இவற்றில் இரண்டிலாவது இருந்தால் நோய் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இருக்கு?" என்பதுதான். அந்த எண்ணை வைத்து நம் நிலைமையை அளக்க முடியாது. மூளையில் ஏகப்பட்ட திட்டுகளோடு சாதாரணமாக நடமாடுகிறவரும் உண்டு, தண்டுவடத்தில் ஒன்றே ஒன்று வந்து கால் இழுக்கிறவரும் உண்டு. ஒரு பெண் ரிப்போர்ட்டின் முதல் பத்தியில் "பல லீஷன்கள்" என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. கடைசி வரியை நான் காட்டினேன்: முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது புதிதாக எதுவும் இல்லை, கான்ட்ராஸ்ட் ஏற்கும் லீஷனும் இல்லை. அவர் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய டாக்டர் முதலில் தேடும் வரி அதுதான், அது ஏன் அடியில் ஒளிந்துகிடக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கான்ட்ராஸ்ட் பற்றியும் கொஞ்சம். கடோலினியம் என்கிற கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் போட்டபின் எடுக்கும் டி1 என்கிற இன்னொரு வரிசைப் படத்தில் பளிச்சென்று தெரிந்தால் அங்கே அழற்சி புதியது என்று அர்த்தம். அந்தப் பளிச்சு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும், டி2 தடம் மட்டும் மிச்சம் இருக்கும். டி1-ல் கறுப்பாகவே நிலைத்துவிட்டவை சேதம் ஆழமானவை. உங்கள் படத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.

அவரைப் பார்க்கப் போகும்போது நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா, பழையது எதுவும் பெரிதாகியிருக்கிறதா, கழுத்துத் தண்டுவடமும் எடுக்கப்பட்டதா, போன தடவையும் இதே டெஸ்லா (காந்தத்தின் வலிமை) மெஷின்தானா? 1.5 டெஸ்லாவில் எடுத்ததையும் 3 டெஸ்லாவில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், முன்பே இருந்த சின்னப் புள்ளிகூடப் புதிது மாதிரித் தோன்றலாம். பழைய சிடியையும் கூடவே கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் படங்களை ஒப்பிட முடியாது.