இரண்டு லூஸ், இரண்டு பிரைஸ்

வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் ஆங்கிலத்தில் மூன்று நான்கு மார்க் போய்க்கொண்டே இருந்தது. கிராமர் சரி, பத்தி படித்து விடை எழுதுவதும் சரி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சொற்களில்தான் சறுக்கல். அதிலும் தப்பு விடைக்குக் கால் மார்க் வேறு பிடிப்பார்கள். கண்ணில் பட்ட ஜோடியையெல்லாம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன், ஒன்றும் நிற்கவில்லை.

அப்புறம் ஒருநாள் நான் செய்த தப்புகளை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தால், பாதிக்கு மேல் காதால் வந்தவை. தமிழில் இசட் ஓசை கிடையாது, அதனால் இழப்பதும் நமக்கு லூஸ், தொளதொளப்பதும் லூஸ். விலையும் பிரைஸ், பரிசும் பிரைஸ். பல்லியையும் பள்ளியையும் நாம் குழப்புகிறோமா? வாயிலேயே பிரித்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இழக்கிற லூஸின் கடைசி ஓசை வண்டு மாதிரி ரீங்காரமிடும், விரலில் அதிர்வு தெரியும், எழுதும்போது அதற்கு ஒரே ஓ (lose). தொளதொள லூஸில் கடைசியில் வெறும் காற்று, அதற்கு இரண்டு ஓ (loose). பரிசு அதிரும், இசட். விலை அதிராது, சி. அட்வைஸும் அப்படியே: பெயர்ச்சொல் அதிராது, சி, வினைச்சொல் அதிரும், எஸ். (ஹாஸ்டலில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு "லூஸ், லூஸ்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை அறைத் தோழன் யாரைப் பற்றி என்று எடுத்துக்கொண்டானோ!)

பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டுக்கும் அதே சி, எஸ் கணக்குதான், ஆனால் உச்சரிப்பு ஒன்றே என்பதால் விரல் வித்தை பலிக்காது. அதுவும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் முதலாவதற்கு எப்போதும் சி, இரண்டாவதற்கு எப்போதும் எஸ் போடுவார்கள்.

எழுதுபொருளும் ஸ்டேஷனரி, நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரி; இந்த ஜோடிக்குக் காது உதவாது, கதை உதவும். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரியை ஸ்டேஷனர் என்பார்கள். அந்தச் சொல்லின் கடைசியில் ஈஆர், அவர் விற்ற பேனா, பேப்பருக்கும் அதே ஈ. நகராமல் நிற்பதற்கு ஏ. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை போர்டில் ஏ போட்டிருக்கிறார்கள். கடை நகராமல்தான் நிற்கிறது, தப்பென்று எப்படிச் சொல்ல?

தேர்வு ஹாலில் வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதனால் இந்தத் தொண்டைப் பயிற்சியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி போதும்.