திண்ணையில் பேசி முடிக்கிற காரியமா இது?

எங்கள் பக்கம் தகராறு என்று வந்தால் முதலில் கூடுவது திண்ணையில்தான். வரப்புச் சண்டை, பங்காளிப் பகை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். என் பலகாரக் கடையின் வாடகைப் பிரச்சினைகூட அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் ஒரு பெண்ணின் மேல் கை வைத்தவனையும் அதே மாதிரி உட்கார வைத்துப் பேசினார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவள் பெயரும் வேண்டாம். காலையில் என்னிடம் சீப்புச் சீடை, தேன்குழல் போட வருகிற பெண், பிற்பகலில் ஒரு பெரிய வீட்டைக் கூட்டித் துடைக்கப் போவாள். வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் கதவெல்லாம் திறக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அந்த வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிறது. பின்கட்டில் நின்று கத்தினால் முன்வாசலில் இருப்பவருக்குக் கேட்காது. சாவி, வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம். ஐம்பதைத் தாண்டியவன். "அண்ணே" என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டாங்கட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவளைப் பிடித்து இழுத்திருக்கிறான். ரவிக்கை தோளில் கிழிந்துவிட்டது. வாளித் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியவள், நேரே என் அடுப்படிக்குத்தான் வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். அப்புறம்தான் அழுகையே வந்தது.

மறுநாள் சாயங்காலம் பேச்சு. அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும், 30,000 ரூபாய் கொடுக்க வேண்டும், அவள் இனி அந்த வீட்டு வேலைக்குப் போக வேண்டாம் என்று முடிவானது. வேலை போனது அவளுக்கு. சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது. "பொம்பளப் புள்ள, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் ஒரு பெரியவர். அம்மாக்காரி தலையாட்டிவிட்டாள். இவள்தான் என் பக்கம் திரும்பி, "அக்கா, ஸ்டேஷனுக்குப் போவமா?" என்று கேட்டாள்.

ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்தார்கள். அது மனு வந்ததற்கான சீட்டுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. "ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு வச்சுப் பேசிடுறோம்மா" என்றார் அங்கிருந்த மேடம். திண்ணைக்குப் பதிலாக பெஞ்சு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1992 முதல் மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே புருஷன் பெண்டாட்டி சண்டையை கவுன்சலிங் என்று பேசிப் பேசி அனுப்பிய பழக்கம், இந்த மாதிரிக் குற்றத்துக்கும் கையை இழுக்கிறதோ என்னவோ.

இலவச சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே அந்த உதவி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் சொன்னது இது: மானபங்கப்படுத்தும் நோக்கத்தில் ஒரு பெண்ணைத் தாக்குவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-வது பிரிவில் வருகிற குற்றம். சமாதானம் பேசி முடித்துக்கொள்ள சட்டம் அனுமதிக்கிற குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. இப்படி ஒரு குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 74-வது பிரிவுப் புகாரைப் பதிய மறுக்கிற காவல் அதிகாரிக்கு 199-வது பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருஷம் சிறை. ஸ்டேஷனில் பதியாவிட்டால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நாங்கள் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போட்டோம். எஃப்.ஐ.ஆர். வந்தது.

ஊர்ப் பெரியவர்களை மட்டும் திட்டி என்ன செய்ய? 2015-ல் சென்னை உயர் நீதிமன்றமே, சிறுமியைப் பலாத்காரம் செய்ததாகத் தண்டனை பெற்ற ஒருவரைப் பாதிக்கப்பட்டவரோடு சமரசம் பேச வேண்டும் என்று ஜாமீனில் விட்டது. கண்டனம் எழுந்தது. இந்த மாதிரி வழக்கில் சமரசத்தை நினைத்தே பார்க்கக் கூடாது என்று அந்த நேரத்தில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதற்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் இன்னும் மோசம். அத்துமீறியவன் இனிப்போடு அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஜாமீனுக்கு நிபந்தனை! 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, கல்யாணம், சமரசம் என்று நீதிமன்றங்கள் யோசனை சொல்லக் கூடாது என்றது. 2024 நவம்பரில், பள்ளி மாணவியிடம் ஆசிரியர் அத்துமீறிய வழக்கைக் குடும்பத்தோடு சமாதானமாகிவிட்டது என்ற காரணத்தால் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இத்தனை தீர்ப்பு இருந்தும் திண்ணைப் பேச்சு எப்படிச் செல்லுபடியாகிறது என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அதுக்குச் சட்டம் எதுக்குங்க? கூண்டுல ஏறி 'எனக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ எழுதினதுல கையெழுத்துப் போட்டேன்'னு அந்தப் பொண்ணு சொன்னாப் போதுமே" என்றார். பிறழ் சாட்சி ஆக்கிவிட்டால் வழக்கு தானாக விழும். வாங்கிய பணம் எந்தத் தாளிலும் இருக்காது. பெண் தோற்றது மட்டும் தீர்ப்பில் இருக்கும், "பொய் வழக்கு" என்று ஊரும் சொல்லும். இந்தக் குற்றங்களில் சீக்கிரமே மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் வாங்கிவிட வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவளிடம் வாங்கியது ஒரு பெண் மாஜிஸ்திரேட். நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. வெளியே வந்தவள், "அவங்க குறுக்க பேசவே இல்லக்கா" என்றாள்.

சென்னையிலிருந்து வீட்டுக்காரர்கள் போன் செய்தார்கள். வீட்டுப் பெயர் பேப்பரில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சாவியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்கள்.

குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. அவள் இப்போது முழு நாளும் என்னிடம்தான் வேலை பார்க்கிறாள். தூது மட்டும் நிற்கவில்லை. தொகை 1 லட்சத்துக்கு ஏறியிருக்கிறது. கடைக்கு வந்து சொன்னவர் எனக்கும் வேண்டப்பட்டவர்தான். காப்பி கொடுத்தேன். பேச்சு இருந்தால் கோர்ட்டில் வந்து பேசச் சொல்லி அனுப்பிவிட்டேன்.