பத்தாம் எண் நெடுஞ்சாலையில் உதிரிபாக வேலை

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், பத்தாம் எண் நெடுஞ்சாலை அமெரிக்க எல்லையில் தொடங்கி வடக்கே ஃபிளின் ஃபிளான் என்னும் சுரங்க ஊர்வரை சுமார் 800 கிலோமீட்டர் செல்கிறது. அதில் பிராண்டன் நகருக்கும் டாஃபினுக்கும் இடைப்பட்ட சுமார் 165 கிலோமீட்டர்தான் என் பணியிடம். விவசாய இயந்திரங்களின் உதிரிபாகங்களை வேனில் ஏற்றிச் சென்று, வழியிலுள்ள கடைகளிலும் பண்ணைகளிலும் ஒப்படைப்பது என் வேலை.

இந்தச் சமவெளி ஊர்கள் மனம்போன போக்கில் தோன்றியவை அல்ல. குதிரை வண்டியில் கோதுமை கொண்டுவரும் விவசாயி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கில், ரயில் நிறுவனங்கள் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்பதுபோல நிலையங்களை அமைத்தன. நிலையத்தை ஒட்டி எலிவேட்டர் எனப்படும் உயரமான மரத் தானியக் கிடங்கும், அதைச் சுற்றிக் கடையும் பள்ளியும் தபால் நிலையமும் எழுந்தன. லாரிகள் பெருகியபோதே அந்தக் கணக்கு ஆட்டங்கண்டது. 1995-இல் தானியத்தை ரயிலில் அனுப்புவதற்கான மத்திய அரசின் மானியம் நின்றதும், கிளைப் பாதைகளும் மரக் கிடங்குகளும் விரைவாக மறைந்து, வெகுதூரத்துக்கு ஒன்றாகப் பெரிய கான்கிரீட் கிடங்குகள் வந்தன. சிற்றூர்களின் இயந்திர விற்பனையகங்களும் ஒவ்வொன்றாக நகரத்தோடு இணைந்துவிட்டன. அவை அங்கேயே இருந்திருந்தால் என் வேனுக்குத் தேவையே இருந்திருக்காது.

வழியிலுள்ள மினிடோசா என்னும் ஊரைச் சுற்றியுள்ள நிலம் எனக்கு மிகவும் பிடித்தது. பனியாறுகள் பின்வாங்கியபோது மண்ணுக்குள் புதைந்து கிடந்த பனிக்கட்டிகள் உருகி, வயல்களுக்கு நடுவே எண்ணற்ற குட்டைகளை விட்டுச்சென்றன. வாத்துகளுக்கு அவை சொர்க்கம். உழுபவருக்கோ ஒவ்வொரு குட்டையையும் சுற்றி இயந்திரத்தைத் திருப்பும் தொல்லை. அறுவடைக் காலத்தில் இந்தப் பகுதியிலிருந்துதான் அவசர அழைப்புகள் அதிகம் வரும். ஒருமுறை சாலையோரத்தில் காத்திருந்த முதிய விவசாயி, நான் நீட்டிய பெட்டியை உடனே திறக்கவில்லை. கிரீஸ் படிந்த விரலால் அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் தடவிப் படித்து, சட்டைப் பையிலிருந்து எடுத்த உடைந்த பேரிங்கோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திட்டார். அவருக்குப் பின்னால் கனோலா என்னும் எண்ணெய் வித்துப் பயிரின் வயலில் அறுவடை இயந்திரம் பாதி வரிசையில் நின்றிருந்தது. மறுநாள் மழை என்று வானொலி சொல்லியிருந்தது. எண் தவறியிருந்தால் மீண்டும் பிராண்டன் போய்வர எத்தனை நேரம் ஆகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

எரிக்சன், ஓனனோல் ஆகிய ஊர்களைக் கடந்ததும் ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்கா தொடங்குகிறது. எல்லைவரை உழுத வயல், எல்லைக்கு அப்பால் ஆஸ்பென் மரங்களும் ஸ்புரூஸ் மரங்களும் அடர்ந்த காடு. விண்ணிலிருந்து எடுத்த படத்திலும் இந்தக் கோடு தெளிவாகத் தெரியும். பூங்காவுக்குள் இருக்கும் கிளியர் ஏரிக்கரையில் கோடைக்காலம் முழுவதும் சுற்றுலாப் பயணிகள் திரள்வார்கள். அதே ஏரிக்கரையில் வாழ்ந்த கீசிகூவெனின் ஓஜிப்வே என்னும் பழங்குடி மக்கள் 1936-இல் வெளியேற்றப்பட்டு, அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. பறித்த நிலத்தின் பெரும்பகுதி 1994-இல்தான் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. காட்டைக் காப்பதற்காக என்று சொல்லி அங்கேயே வாழ்ந்தவர்களை விரட்டியதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது என்பது என் கருத்து.

வேலை என்ற அளவில் பூங்காவுக்குள் எனக்கு எந்த நிறுத்தமும் கிடையாது. ஆனால் முழு வழியிலும் கவனம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். பனி உருகுவதற்காகத் தூவிச் சாலையோரம் தங்கிய உப்பை நக்க வரும் மூஸ் மான் கறுத்த உடல் கொண்டது. அதன் கால்கள் நெடியவை என்பதால் கண்களும் முகப்பு விளக்கின் வீச்சுக்கு மேலே இருந்துவிடும். அந்தி சாய்ந்தபின் அதைக் கண்டு பிரேக் போடுவதற்குள் காலம் கடந்துவிடலாம்.

வடக்குச் சரிவில் இறங்கினால் டாஃபின் சமவெளி. 1890-களிலிருந்து உக்ரைனியர் குடியேறிய பகுதி என்பதால் வெங்காய வடிவக் குவிமாடங்களுடன் தேவாலயங்கள் தென்படும். இங்கும் நிலங்கள் சிலர் கையில் சேர்ந்துவருகின்றன. நான் சேர்ந்தபோது தனித்தனிப் பெயர்களில் இருந்த பல பண்ணைகளுக்கு இப்போது ஒரே பெயரில் ரசீது எழுதுகிறேன். நிறுத்தங்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் இறக்கும் பெட்டிகளின் எடை கூடியிருக்கிறது. அதனால் இந்த ஆண்டு வேனின் பின்புறம் ஒரு ஹைட்ராலிக் தூக்குமேடை பொருத்தித் தந்திருக்கிறார்கள்.